கூழும் நெல்லுச்சோறும்: தென்னார்க்காட்டு உணவுமாற்றமும் நீரிழிவின் வரலாறும்
(திண்டிவனம், விழுப்புரம் பகுதிகளை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

மாவுச்சத்து மிகுந்த உணவு குருதிச் சர்க்கரையை உயர்த்துகிறது என்பது மருத்துவம் நிறுவிய உண்மை. ஆனால் தமிழகத்து உழைக்கும் மக்கள் நூறாண்டுகளுக்கு முன்பும் மாவுச்சத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்தனர். அன்று ஊர்ப்புறத்தில் அரிதாயிருந்த நீரிழிவு இன்று பெருகியிருப்பதற்குத் தானியத்தின் அளவு மட்டும் காரணமாகாது. தானியத்தின் வகையும் வடிவமும், அது உடலுக்குள் செல்லும் முன்னும் பின்னும் நிகழும் உழைப்பும், அது வந்துசேரும் சமூக வழியும் மாறியுள்ளன. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் வடபகுதியான திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களைக் களமாகக் கொண்டு இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நெல்லுச்சோறு, கூழ், படியாள், இருவேல்பட்டு, தீட்டிய அரிசி, பொது வழங்கல், நீரிழிவு

முன்னுரை

நீரிழிவு பற்றிய பொதுப்பேச்சில் அரிசிச்சோறு குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டுச் சில பத்தாண்டுகள் ஆகின்றன. 'சோற்றைக் குறையுங்கள்' என்பது மருத்துவமனைகளில் மிகுதியாகச் சொல்லப்படும் அறிவுரை. அறிவுரை தவறன்று, அதில் வரலாறு இல்லை என்பதே குறை. சோறு என்பது எல்லாக் காலத்திலும் எல்லா வீட்டிலும் அரிசியாகவே இருந்தது போலவும், அதை அளவின்றி உண்பது தமிழரின் பழைய பழக்கம் போலவும் அது பேசுகிறது. தென்னார்க்காட்டுப் புன்செய் நிலத்து வேளாண் தொழிலாளர்க்கு நாள்தோறும் நெல்லுச்சோறு கிடைத்தது அண்மைக்காலத்தில்தான். அதைப் பெறுவதற்குப் பின்னால் ஒரு நெடிய சமூகப் போராட்டமும் இருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்நோயின் பரவலை விளக்க முற்படும் எழுத்து, நோயாளியைக் குறைசொல்வதிலேயே முடிந்துவிடுகிறது.

இங்குக் குறிக்கப்பெறும் நிலப்பகுதி 1993ஆம் ஆண்டு செப்டம்பர் 30 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அன்று விழுப்புரம் தனி மாவட்டமானது. 2019இல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. பண்ருட்டி கடலூர் மாவட்டத்தோடு நின்றது. பழைய ஆவணங்கள் தென்னார்க்காடு என்றே வழங்குவதால் அப்பெயரையே பெரும்பாலும் ஆள்கிறோம்.

சோறு என்னும் சொல்

திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மாநாட்டின் ஊர்களுள் ஒன்று. ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை. அந்நூலை உணவு வரலாற்று ஆவணமாகப் படிப்போர்க்கு இரண்டு காட்சிகள் முதன்மையாகத் தோன்றும். ஒன்று, வறுமையுற்ற பாணன் வீட்டில் உப்பின்றி வெந்த வேளைக்கீரையைக் கதவடைத்து உண்ணும் காட்சி. மற்றொன்று, மருதநிலத்து ஆமூரில் நண்டுக் கலவையோடு கிடைக்கும் வெண்சோறு. அச்சோற்றுக்கான அரிசி, உலக்கையின் இரும்புப் பூண் தேயுமளவிற்குக் குத்தப்பட்டதாகப் புலவர் கூறுகிறார். அரிசியின் வெண்மையும் தீட்டலும் இப்பகுதியின் மிகப் பழைய இலக்கியச் சான்றிலேயே விருந்தின் அடையாளமாக நிற்கின்றன. ஆலை வந்த பிறகு தோன்றிய சுவையன்று அது. ஆலை செய்தது, விருந்துக்கு உரியதாயிருந்த வெண்மையை அன்றாடத்துக்குக் கொண்டுவந்தது மட்டுமே.

சொல்வழக்கும் இதற்குச் சான்று தருகிறது. சோறு என்னும் சொல் நெல்லுக்கு மட்டும் உரியதாக இருந்ததில்லை. வரகுச்சோறு, சாமைச்சோறு, கம்பஞ்சோறு, தினைச்சோறு என அடைபெற்றே அது வழங்கியது. அதனால்தான் அரிசியில் ஆக்கியதை 'நெல்லுச்சோறு' என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. வடதமிழகத்து முதியோர் பேச்சில் இச்சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. தீபாவளி, பொங்கல், திருமணம், கருமாதி ஆகியவற்றோடு சேர்த்தே அதை அவர்கள் நினைவுகூர்வர். இளைய தலைமுறைக்கு அவ்வடைமொழி தேவைப்படுவதில்லை. சோறென்றால் அரிசி என்றாகிவிட்ட நிலையில், ஒரு சொல்லின் அடை உதிர்ந்ததையே ஓர் உணவு வரலாற்றின் சுருக்கமாகக் கொள்ளலாம்.

புன்செய்யும் படியாளும்

தென்னார்க்காட்டின் நீர்வளம் சீரானதன்று. தென்பெண்ணை, மலட்டாறு, கெடிலம் ஆகியவற்றின் பாசனப் பகுதிகளிலும் ஏரிகளின் கீழும் நெல் விளைந்தது. எஞ்சிய பெரும்பரப்பு மழையையும் கிணற்றையும் நம்பிய மேட்டுநிலம். வரகு, கம்பு, கேழ்வரகு, சோளம் ஆகியவை அங்கு விளைந்த உணவுத் தானியங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மணிலாக்கொட்டை எனப்படும் நிலக்கடலை அம்மேட்டுநிலத்திற்குள் புகுந்தது. புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேய் நகருக்கு ஏற்றுமதியான அப்பயிர், சிறுதானிய நிலத்தைப் பணப்பயிர் நிலமாக மாற்றத் தொடங்கியது. திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும் இப்பின்னணியில்தான். அங்கு உருவான நிலக்கடலை, எள் வகைகள் 'டி.எம்.வி.' என்னும் முன்னெழுத்துகளால் இந்தியா முழுதும் அறியப்படுகின்றன. அவ்வெழுத்துகள் குறிப்பது திண்டிவனத்தையே. உணவுத் தானியம் விளைந்த மேட்டில் காசுக்கு விற்கும் வித்து விளையும்போது, உழவனும் உணவைக் காசுக்கு வாங்குபவனாகிறான். அரிசி அங்காடிப் பொருளாகி ஊருக்குள் நுழைந்ததில் இதற்குப் பங்குண்டு.

நெல் விளைந்த ஊரில் அனைவரும் நெல் உண்டனர் எனக் கொள்வது பிழை. இதனை ஆராய இப்பகுதியில் ஓர் அரிய சான்றுக்களம் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு 1916ஆம் ஆண்டளவில் சில தென்னிந்தியச் சிற்றூர்களை ஆராயச் செய்து, 1918இல் அதை நூலாக்கினார். அவற்றுள் தென்னார்க்காட்டுக்குரிய ஊர் இருவேல்பட்டு. இன்று அது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. பி. ஜே. தாமசும் கே. சி. இராமகிருஷ்ணனும் பதிப்பித்த மறு ஆய்வு 1940இல் வெளிவந்தது. மார்கரெட் ஹாஸ்வெல் 1960களின் தொடக்கத்திலும், எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் 1980களின் தொடக்கத்திலும் அவ்வூருக்குச் சென்றனர். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008 வரையிலான மாற்றத்தை எழுதினர். ஒரு நூற்றாண்டுக் காலம் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்ட ஊர் என்னும் சிறப்பு இந்தியாவில் மிகச் சில ஊர்களுக்கே உண்டு.

இவ்வாய்வுகளில் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும் சொல் 'படியாள்'. நிலக்கிழாரிடம் கட்டுப்பட்டு ஆண்டு முழுதும் உழைத்த, பெரும்பாலும் பட்டியல் சாதியினரான, பண்ணைத் தொழிலாளரை அது குறித்தது. படி என்பது அளவு. நாட்கூலியாக அளந்து தரப்பட்ட தானியமும் படியே. ஆகவே படியாள் என்னும் சொல்லிலேயே உணவு இருக்கிறது. ஒருவனது உழைப்பின் பெயரே அவனுக்கு அளக்கப்படும் தானியத்தால் அமைந்ததென்றால், எந்தத் தானியம், எவ்வளவு, எந்த முற்றத்தில் நின்று பெறுவது என்பன அவனது நிலையை உறுதிசெய்தன. கூழைக் குனிந்து வாங்கிக் குடித்த நினைவும், நெல்லுச்சோற்றைத் தன் வீட்டில் அமர்ந்து உண்ணும் விருப்பமும் ஒரே வாழ்வின் இரு பக்கங்கள். சிறுதானியத்தின் பெருமையை இன்று எழுதும் பலர் இப்பக்கத்தைப் பார்ப்பதில்லை.

கூழின் செய்முறையை இங்குச் சற்று விரித்துரைப்பது பொருந்தும். கேழ்வரகு மாவையோ கம்பு மாவையோ நீரில் கரைத்து ஓரிரவு புளிக்கவைப்பர். மறுநாள் நொய்யரிசியை வேகவிட்டு, புளித்த மாவை அதில் ஊற்றித் துழாவிக் கெட்டியாக்குவர். ஆறிய கூழை மறுநாட்காலை நீரோ மோரோ சேர்த்துக் கரைத்து உப்பிட்டுக் குடிப்பர். வெங்காயம், பச்சைமிளகாய், மோர்மிளகாய், கருவாட்டுக் குழம்பு ஆகியவை தொடுகறி. புளிப்பும் ஆறலும் மாவுச்சத்தின் தன்மையை ஓரளவு மாற்றுகின்றன; வெந்த மாவுச்சத்து ஆறும்போது அதில் ஒரு பகுதி எளிதில் செரியாத வடிவத்தைப் பெறுகிறது. ஆனால் கூழ் குடித்தவர் உடலைக் காத்தது இது மட்டுமன்று. விடியுமுன் ஏற்றம் இறைத்தவர், பகல் முழுதும் ஏர் பின்னே நடந்தவர், நாற்று நட்டவர், களையெடுத்தவர் ஆகியோரின் தசைகள் குருதியிலுள்ள குளுக்கோசை இடைவிடாது எரித்தன. போதாக்குறைக்கு அவர்கள் உண்ட அளவும் குறைவு. அவர்களிடையே நீரிழிவு அரிதாயிருந்ததை உணவின் சிறப்புக்கு மட்டும் சான்றாகக் காட்டுவது, பசியை மருந்தெனப் புகழ்வதற்கு ஒப்பாகும்.

இன்று கூழ் அன்றாட உணவிலிருந்து பெரிதும் விலகி, ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் வார்க்கப்படும் படையலாக நிலைபெற்றிருக்கிறது. முன்பு விழாநாளுக்கு உரியதாயிருந்த நெல்லுச்சோறு அன்றாடமாகவும், அன்றாடமாயிருந்த கூழ் விழாநாளுக்கு உரியதாகவும் இடம் மாறிக்கொண்டன.

ஆலையும் தவிடும்

அரிசியின் வடிவம் மாறியதே அடுத்த கட்டம். நெல்மணியின் உமியை நீக்கினால் எஞ்சுவது தவிட்டுப் படலமும் முளையும் கூடிய முழு அரிசி. உலக்கையால் குத்தும்போது அப்படலத்தின் ஒரு பகுதி நீங்கும். இயந்திரத்தில் தீட்டும்போது ஏறத்தாழ முழுதும் நீங்கிவிடும். நார்ச்சத்தும் பி வகை வைட்டமின்களும் தவிட்டோடு போக, எஞ்சுவது பெரும்பாலும் மாவுச்சத்தாலான வெண்கரு.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நெல்குத்தும் இயந்திரங்கள் சென்னை மாகாணத்துச் சிற்றூர்களுக்குப் பரவியபோது, அறிஞர்களைக் கவலைக்குள்ளாக்கிய நோய் நீரிழிவன்று, பெரிபெரி. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் 1918இல் இராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆய்வு, பின்னர் அங்கேயே ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை ஒப்பிட்ட அவரது சோதனையில், கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவு முதலிடமும், அரிசியை மிகுதியாகக் கொண்ட சென்னை உணவு கடைசி இடமும் பெற்றன. எல்லாச் சென்னைவாசிகளும் ஒரே உணவை உண்பதாகக் கொண்ட அச்சோதனை, கூழ் குடித்தவரையும் அரிசி உண்டவரையும் வேறுபடுத்தவில்லை என்பதைச் சுட்டவேண்டும். அவருக்குப் பின் இயக்குநரான டபிள்யூ. ஆர். அய்க்ராய்ட் இந்திய உணவுகளின் சத்துமதிப்பைத் தொகுத்து 1937இல் வெளியிட்டார். அரிசிச் சிக்கல் பற்றி அவரும் உடனாய்வாளரும் 1940இல் எழுதிய அறிக்கை, தீட்டலும் கழுவலும் வடித்தலும் சத்தை எங்ஙனம் இழக்கச் செய்கின்றன என்பதையும், புழுங்கல் அரிசி அவ்விழப்பை எவ்வளவு தடுக்கிறது என்பதையும் விரிவாக ஆராய்ந்தது. அக்கூடமே 1958இல் ஐதராபாத்திற்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுவே.

அதே காலத்தில் காந்தியடிகள் 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வழியாக, தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா கைக்குத்தல் அரிசிக்காக வாதிட்டார். ஆலை சத்தையும் வேலையையும் ஒருங்கே பறிக்கிறது என்பது அவர் வாதம். விடுதலைக்குப் பின் 1958இல் நடுவணரசு இயற்றிய அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தில் இவ்வாதத்தின் எதிரொலியைக் காணலாம். ஆனால் நாள்தோறும் உலக்கை பிடித்த பெண்களின் தோளும் கையும் என்ன சொல்லியிருக்கும் என்பதை இவ்வியக்கம் போதிய அளவு கேட்டதாகத் தெரியவில்லை. ஆலை வந்தபோது பெண்கள் அதை வரவேற்றதற்குச் சோம்பல் காரணமன்று. ஒரே இயந்திரம் அரிசியின் தவிட்டையும் பெண்ணுடலின் ஒரு கடும் உழைப்பையும் ஒருசேர நீக்கியது. நீரிழிவின் நோக்கில் இவ்விரு நீக்கங்களும் ஒரே திசையில் வேலைசெய்தன.

அரிசி அரசியலும் அடுப்பும்

1942இல் பர்மா சப்பானியர் வசமானதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. போர்க்காலப் பங்கீட்டு முறை தொடங்கியது. பசியின் அச்சம் விடுதலைக்குப் பின்னும் நீங்கவில்லை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்னும் முழக்கம் எழுந்ததும், ஆட்சிக்கு வந்தபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி வழங்கப்பட்டதும் தமிழக அரசியல் வரலாற்றில் நன்கறியப்பட்டவை. கேழ்வரகைப் பற்றி எக்கட்சியும் முழக்கம் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் அது எடுபட்டிருக்காது. வாக்காளர் கேட்டது நெல்லுச்சோறு.

1960களின் நடுப்பகுதியில் ஆடுதுறை 27, ஐ.ஆர். 8 ஆகிய நெல்வகைகள் பரவின. மின்மோட்டார் ஏற்றத்தையும் கவலையையும் அகற்றியது. தென்னார்க்காட்டின் மேட்டுநிலத்திலும் கிணற்றுப் பாசன நெல் விளைந்தது. 1986இல் வெளியான வெள்ளைப் பொன்னி, மென்மையும் வெண்மையும் கூடிய சன்ன அரிசியை நடுத்தர வீடுகளின் விருப்பமாக்கியது. பொது வழங்கல் கடைகளில் அரிசியின் விலை 2006இல் கிலோ 2 ரூபாயாகவும் 2008இல் 1 ரூபாயாகவும் குறைந்தது. 2011 ஜூன் 1 முதல் விலையின்றி வழங்கப்படுகிறது. அட்டை ஒன்றுக்கு மாதம் 20 கிலோ என்பது அப்போதைய பொது அளவு.

இதன் சமூகப் பயனைக் குறைத்து மதிப்பிட இயலாது. வீட்டில் அரிசி இருந்தால் கூலிக்கு மறுப்புச் சொல்லலாம். வெளியூர் வேலைக்குப் போகலாம். நிலக்கிழார் முற்றத்தில் நிற்கவேண்டியதில்லை. இருவேல்பட்டில் படியாள் முறை மறைந்ததையும் நிலக்கிழார் ஆதிக்கம் தளர்ந்ததையும் மறு ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. அதற்குக் காரணங்கள் பல. வேளாண்மைக்கு வெளியே கிடைத்த வேலையும் தலித் அரசியல் எழுச்சியும் முதன்மையானவை. அவற்றோடு அரிசியின் பங்கையும் சேர்க்கவேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. ஆனால் விடுதலை தந்த அதே மூட்டை, பருப்பும் காயும் மீனும் முட்டையும் விலையேறிய காலத்தில், தட்டின் பெரும்பகுதியைத் தானே நிரப்பவும் செய்தது. குழம்பு குறையும்போது சோறு கூடும் என்பதை வறிய வீடுகளின் அடுப்பு அறியும்.

மருத்துவமனையின் சான்று

தமிழ் மருத்துவ மரபு நீரிழிவை நெடுங்காலமாக அறிந்திருந்தது. சித்த மருத்துவ நூல்கள் மேகநோயை இருபது வகையாகப் பகுக்கின்றன. மதுமேகம் என்னும் பெயரே சிறுநீரின் இனிப்பைச் சுட்டுகிறது. காலனிய மருத்துவர்கள் அதை உட்கார்ந்து உண்ணும் மேல்தட்டினரின் நோயாகக் கண்டனர். வெப்பமண்டல நீரிழிவு பற்றி 1907இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் நடத்திய விவாதத்தில், வங்காளத்துப் படித்த வகுப்பினரே பெரிதும் பேசப்பட்டனர்.

சென்னையில் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவு 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கியது. தொடங்கியவர் மருத்துவர் எம். விசுவநாதன், 1954இல் இராயபுரத்தில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவமனையையும் அவர் நிறுவினார். மேலைநாட்டு மருத்துவம் நீரிழிவாளர்க்கு மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய காலத்தில், தமிழ் நோயாளிக்கு அது பொருந்தாதென அவர் கண்டார். மாவுச்சத்து மிகுந்ததும் நார்ச்சத்து மிகுந்ததுமான உணவைப் பரிந்துரைத்து, அதன் பயனை ஆய்வேடுகளில் வெளியிட்டார். இச்செய்தி நம் வாதத்திற்கு இன்றியமையாதது. மாவுச்சத்து என்னும் பொதுச்சொல்லை விட, அது எதனோடு சேர்ந்து வருகிறது என்பதே முதன்மை என்பதை இராயபுரத்து அனுபவம் காட்டியது.

இதன் உடலியல் சுருக்கமாக வருமாறு. மாவுச்சத்து குடலில் குளுக்கோசாகச் சிதைந்து குருதியில் சேர்கிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதைத் தசைக்கும் ஈரலுக்கும் செலுத்துகிறது. சிதைவு விரைவாயின் உயர்வும் விரைவு. அவ்விரைவை அளக்க 1981இல் டேவிட் ஜென்கின்சும் உடனாய்வாளரும் கிளைசீமிக் குறியீட்டை அறிமுகம் செய்தனர். குளுக்கோசுக்கு 100 எனக் கொண்டால், 70க்கு மேற்பட்டவை உயர்ந்தவை. சென்னையில் செய்யப்பட்டு 2012இல் வெளியான ஆய்வில் பொன்னி அரிசியின் குறியீடு 70.2, சோனா மசூரி 72, சூர்த்தி கோலம் 77. தீட்டிய அரிசி 100 கிராமில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து உண்டு. எனவே 100 கிராம் பொன்னி அரிசிச் சோற்றின் கிளைசீமிக் சுமை ஏறத்தாழ 55. 20ஐத் தாண்டினாலே அது மிகுதியெனக் கொள்ளப்படும். நார்ச்சத்தை ஒப்பிட்டால் அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராமுக்கும் குறைவு. கேழ்வரகிலும் கம்பிலும் 11 கிராம் அளவில் உள்ளது. மாவுச்சத்து கேழ்வரகில் 67 கிராம், கம்பில் 62 கிராம் என்னும் அளவில் இருப்பதையும் மறக்கலாகாது. கூழ் குடித்தவரும் மாவுச்சத்தையே குடித்தார்.

மக்களிடையே செய்யப்பட்ட ஆய்வுகளுக்கு வருவோம். சென்னை நகர்ப்புற, ஊர்ப்புற நோய்ப்பரவல் ஆய்வில் நகரத்தார் நாளொன்றுக்கு உண்ட தீட்டிய தானியம் சராசரி 333 கிராம். கலோரியில் ஏறத்தாழ பாதி. அதை மிகுதியாக உண்ட கால்பங்கினர்க்குப் புதிதாகக் கண்டறியப்பட்ட நீரிழிவின் வாய்ப்பு, மிகக் குறைவாக உண்டவரைவிட ஐந்து மடங்குக்கு மேல் இருந்தது. ஒரே காலத்தில் எடுத்த குறுக்குவெட்டு ஆய்வாதலால் இது காரணத்தை நிறுவாது; தொடர்பை மட்டும் காட்டும். உடல் எடை மிகுந்தவர்களிடம் செய்து 2014இல் வெளியிட்ட சோதனையில், வெள்ளரிசிக்கு மாற்றாக முழு அரிசியை உண்டபோது 24 மணிநேரக் குளுக்கோசு உயர்வு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. பண்டைக் கைக்குத்தலுக்கும் ஆலைத் தீட்டலுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின் திசையை இவ்வெண் நமக்கு உணர்த்துகிறது.

நம் களத்துக்கு நெருங்கிய சான்று பண்ருட்டி. அ. இராமச்சந்திரனும் உடனாய்வாளரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் சென்னை நகரத்தில் 8.2 விழுக்காடும் ஊர்ப்புறத்தில் 2.4 விழுக்காடும் நீரிழிவு காணப்பட்டது. 2003இல் ஊர்ப்புற அளவு 6 விழுக்காட்டைத் தாண்டியது. 2006இல் சென்னை, காஞ்சிபுரம், பண்ருட்டியைச் சூழ்ந்த ஊர்கள் ஆகிய மூன்றையும் அவர்கள் ஒப்பிட்டபோது நகரில் 18.6, சிறுநகரில் 16.4, பண்ருட்டி ஊர்களில் 9.2 விழுக்காடு எனக் கண்டனர். பழைய தென்னார்க்காட்டு ஊர்ப்புறம் 2006இல் நின்ற இடம், சென்னை மாநகரம் பதினைந்து இருபது ஆண்டுகளுக்கு முன் நின்ற இடத்தையும் சற்றே தாண்டியது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் நாடுதழுவிய ஆய்வு தமிழகத்தின் அளவை 14.4 விழுக்காடு எனவும் நாட்டின் அளவை 11.4 விழுக்காடு எனவும் கூறுகிறது.

பசியின் நினைவுள்ள உடல்

உணவும் உழைப்பும் மட்டும் இவ்வேகத்தை விளக்கப் போதா. ஹேல்சும் பார்க்கரும் 1992இல் முன்வைத்த கருதுகோளின்படி, கருவில் ஊட்டம் குறைந்த குழந்தையின் உடல் பற்றாக்குறைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது. பிற்காலத்தில் உணவு மிகும்போது அவ்வமைப்பே நோய்க்கு வழியாகிறது. புனேயில் சி. எஸ். யாஜ்னிக் செய்த ஆய்வுகள், எடை குறைந்து பிறக்கும் இந்தியக் குழந்தைகளிடமும் கொழுப்பின் விகிதம் மிகுந்திருப்பதைக் காட்டின. இக்கருத்தை 1876-78 பஞ்சம் கண்ட மாகாணத்தின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தல் தகும். அப்பஞ்சத்தின்போது ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணப் பணியாளர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டுத் தானியம் போதுமென வகுத்தார். சென்னையின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். தானிய அளவு பற்றி அரசு வகுத்த கணக்கில் உடலின் நலம் முதன்முதலாக மாகாண அளவில் விவாதிக்கப்பட்ட தருணங்களுள் அதுவும் ஒன்று. அன்றைய பஞ்சத்திலிருந்து இன்றைய நோய்க்கு நேர்க்கோடு வரைவது மிகை. தலைமுறை தலைமுறையாக எடைகுறைந்த தாய்மார் எடைகுறைந்த மக்களைப் பெற்ற ஒரு வட்டாரத்தில், வயிறு நிறைய வெள்ளரிசி கிடைக்கும் வாழ்வு இரண்டு தலைமுறைக்குள் வந்துவிட்டது என்று கூறுவது மிகையன்று.

சிறுதானியத்தின் மீள்வரவு

ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அட்டைதாரர்க்கு 2 கிலோ அரிசிக்கு மாற்றாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. கேழ்வரகை இன்றும் உண்ணும் தருமபுரியைத் தேர்ந்தது நடைமுறைக்கு உகந்ததே. பழைய தென்னார்க்காட்டுப் பகுதிக்கு இதை விரிப்பதாயின் இரண்டு செய்திகளைக் கருதவேண்டும்.

முதலாவது, வடிவம். தோல்நீக்கித் தீட்டிய வரகும் சாமையும், நுண்மாவாக அரைத்த கேழ்வரகும் தீட்டிய அரிசியைப் போலவே குருதிச் சர்க்கரையை விரைந்து உயர்த்தக்கூடும். அரிசிக்கு நேர்ந்த தீட்டல் இப்போது சிறுதானியத்துக்கும் நேர்கிறது. வெண்மையாக்கிப் பொதியிட்டு விற்கப்படும் வரகரிசி, பெயரால் மட்டுமே பழைய வரகு. இரண்டாவது, விலை. கூலியாக அளக்கப்பட்டபோது தாழ்ந்ததெனக் கருதப்பட்ட தானியம், நகர அங்காடிகளில் அரிசியைவிட மிகுந்த விலைக்கு விற்கிறது. அதை உண்டு வளர்ந்தவரின் பேரப்பிள்ளைகள் அதை வாங்க இயலாத நிலையில் இருக்கின்றனர்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் நீரிழிவு மாத்திரைகள் இப்போது வீடுதேடி வருகின்றன. அரிசியும் மாத்திரையும் ஒரே அரசிடமிருந்து ஒரே வீட்டிற்கு வந்துசேர்கின்றன. அரிசி மூட்டையைச் சிறிதாக்குவதால் மட்டும் மாத்திரையின் தேவை குறையாது. குறைத்த அரிசியின் இடத்தில் துவரையோ கொள்ளோ நிலக்கடலையோ முட்டையோ வந்தால்தான் தட்டு மாறும். திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையம் செழிக்கவைத்த நிலக்கடலை, 100 கிராமுக்கு ஏறத்தாழ 25 கிராம் புரதம் கொண்டது. அதன் கிளைசீமிக் குறியீடும் மிகக் குறைவு. அம்மண்ணில் விளைந்த கடலை நூறாண்டுக்கும் மேலாக எண்ணெய்க்காக வெளியே சென்றுகொண்டிருக்க, பொது வழங்கல் கடையில் பருப்பும் எண்ணெயும் விற்கும் அரசு அதையும் அப்பட்டியலில் சேர்க்கத் தடையேதும் இருப்பதாகத் தோன்றவில்லை.